இளக்காரம்

போன மாதம் ஒரு சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். என்னவரின் ஆபீஸ் நண்பர் எதிரே வந்தார். "மேடம் எங்கே வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டார். "எங்கேயும் இல்லை சார், வீட்டிலே சும்மாதான் இருக்கா" என்றார் இவர். என் கையில் இருந்த பை இன்னும் கொஞ்சம் கனத்தது.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் இப்படி இளக்காரமாப் பேசினீங்க?" என்றேன்.

"நான் என்ன, திட்டினேனா?"

அதுதானே விஷயம்! திட்டினால் பதிலுக்கு ஒன்று சொல்லிவிடலாம். கேலி என்றால் சேர்ந்து சிரித்துவிடலாம். இளக்காரத்தில் கெட்ட வார்த்தையே இருக்காது. 'சும்மா', 'உனக்கென்ன தெரியும்', 'இதுகூடவா' எல்லாம் நல்ல வார்த்தைகள்தாம். சொல்லும் தொனியில்தான் முள் இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. "பிள்ளைக்கு ரொம்ப இளக்காரம் கொடுக்காதே" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அங்கே அது கண்டிப்பில்லாமல் விட்டுக்கொடுப்பது. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் ஓங்கி ஓங்கி அடிப்பான் என்ற பழமொழியும் அதைத்தானே சொல்கிறது?

'சும்மா' என்பது நம் வீட்டில் மட்டும் இல்லை, சகோதரிகளே. 2001 சென்சஸில் வீட்டு வேலை செய்யும் பெண்களை, பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து வேலை செய்யாதவர்கள் என்று கணக்கெடுத்திருந்தார்கள். 2010-ல் சுப்ரீம் கோர்ட் அதைக் கண்டித்தது. 2023 ஜூனில் நம் சென்னை ஹைகோர்ட்டும் ஒரு வழக்கில், மனைவியின் வீட்டு உழைப்பும் சொத்துச் சேர உதவியிருக்கிறது, அவளுக்கும் அதில் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இதையெல்லாம் சொன்னதும், "சரி, தப்புதான்" என்றார் இவர். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள், "செல்போன்லே பணம் அனுப்பக் கத்துக்கொடுங்கக்கா" என்றாள். "அதெல்லாம் உனக்குப் புரியாது, விடு" என்றேன். அவள் தலை நிமிராமல் தேய்த்தாள்.

"அம்மா, இது இளக்காரம் இல்லையா?" என்றாள் என் பெண்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்ந்தால் அது துன்பம்தான் என்று 995-வது குறளில் வள்ளுவர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான் நானும்!

அன்று வேலை முடிந்ததும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் கற்றுக்கொண்டு, ஊரில் இருக்கும் மகனுக்கு நூறு ரூபாய் அனுப்பிவிட்டாள்.

பிள்ளைகள் இளக்காரத்தைப் புத்தகத்தில் படிப்பதில்லை. நம் வாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை 'உனக்கென்ன தெரியும்' என்று நாக்கு நுனியில் வந்தால், 'வா, சொல்லித் தரேன்' என்று மாற்றிப் பாருங்களேன்.