மெதுவா சாப்பிடுறது ஒரு நோய் இல்லை

"டாக்டர், என் பால் பைத்தானுக்கு எலியைத் தலைப்பக்கம் பிடிக்கவே தெரியலை. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் தடுமாறுது. நானே வாயைத் திறந்து ஊட்டி விடலாமா?"

கனடாவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி. பதில்: வேண்டாம் தம்பி. ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இந்த நீண்ட இழை.

முதலில் ஒன்றைச் சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் குழந்தைகள் மருத்துவர். ஆனா எங்க வீட்டிலும் ஒரு பால் பைத்தான் இருக்கு. நீங்க கேட்ட அதே தப்பை நான் பண்ணியே முடிச்சிருக்கேன்.

தெரியாதவங்களுக்கு: இது குடிக்கிற பால் இல்லை, பந்து. பயந்தா பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளிச்சுக்கும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. விஷம் கிடையாது. மூணு முதல் அஞ்சு அடி வரை வளரும். நல்லா பார்த்துக்கிட்டா இருபது, முப்பது வருஷம் இருக்கும். இங்கே இதை வளர்க்க உரிமம் தேவையில்லை. என் மகன் பிடிவாதம் பிடிச்சு வாங்கினான். சுருண்டு உட்கார்ந்த அழகைப் பார்த்து "லட்டு"ன்னு பேர் வச்சான்.

லட்டு சாப்பிடுறதைப் பார்த்தா பாவமா இருக்கும். இடுக்கியில் நீட்டின எலியைக் குறி தவறிப் பின்னங்காலில் கவ்வும். அப்புறம் விடும். தலை எங்கேன்னு மோந்து மோந்து தேடும். திரும்ப வாலில் இருந்து ஆரம்பிக்கும். ஒருநாள் இருபது நிமிஷம் பார்த்தேன், பொறுக்கலை. இடுக்கியால எலியைத் திருப்பி, தலையை அதோட வாய்க்கு நேரா வச்சேன். லட்டு எலியைப் போட்டுட்டுப் பொந்துக்குள்ளே போயிடுச்சு.

அதோட விட்டிருக்கணும். அடுத்த மூணு நாளும் எலியைக் காட்டினேன். சீண்டலை. அப்புறம் ஏழு வாரம் பட்டினி. வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அப்போ என் மகன் கேட்டான்: "அப்பா, கிளினிக்ல அம்மாக்களுக்கு நீங்க சொல்றதை, வீட்ல உங்களுக்கு யாரு சொல்றது?"

உண்மைதான். என்னிடம் வரும் தாய்மார்களில் பாதிப்பேர் "பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பாங்க. எடை பார்த்தா வளர்ச்சி அட்டவணையில் சரியான கோட்டில் இருக்கும். நான் சொல்வது இதுதான்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது உங்க பொறுப்பு. எவ்வளவு, எவ்வளவு வேகம் என்பது பிள்ளையோட பொறுப்பு. மூக்கைப் பிடிச்சு ஊட்டினா, பிள்ளைக்குச் சாப்பாட்டு மேலேயே பயம் வந்துடும்.

இதையே பாம்புக்குச் சொல்ல எனக்குத் தோணலை.

தராசை எடுத்தோம். பட்டினிக்கு முன்னாடி 810 கிராம். ஏழாவது வாரம் 795 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இனம் மாசக்கணக்கில் சாப்பிடாம இருப்பதற்குப் பேர் போனது. குளிர்காலம், தோல் உரிக்கும் நேரம், இனப்பெருக்கப் பருவம் இதெல்லாம் வந்தா உணவை ஒதுக்கும். நோய் லட்டுவுக்கு இல்லை. பதற்றம் எனக்கு.

இப்போ தடுமாற்றத்துக்கு வருவோம்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது"ன்னு நம்ம வீடுகளில் சொல்வாங்க. பாம்புக்கு அந்த வழியே இல்லை. பற்கள் பிடிச்சு இழுக்கத்தான், மெல்ல இல்லை. தாடையைக் கழற்றிக்கும் என்பதும் கட்டுக்கதை. கீழ்த்தாடையின் இடது வலது பாதிகள் முன்பக்கம் எலும்பால் ஒட்டாம, இழுபடும் தசைநாரால் இணைஞ்சிருக்கு. இடது பக்கம் ஒரு அடி, வலது பக்கம் ஒரு அடி என்று இரை மேலே வாய் நடந்து போகும். அதுக்கு நேரம் ஆகத்தானே செய்யும்?

"மூச்சுத் திணறாதா?" திணறாது. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை முன்னால் தள்ளி வச்சுக்கிட்டுச் சுவாசிக்கும். நமக்கு இல்லாத வசதி அது.

குறி தவறுவதில் நம்ம பங்கும் இருக்கு. இதோட உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. உறைந்த எலியை அரைகுறையாச் சூடாக்கி, தலை ஆறிப்போய் வயிறு மட்டும் சூடா இருந்தா, அது வயிற்றைத்தான் குறிவைக்கும்.

அதனால் நம்ம வேலை ஊட்டுவது இல்லை. இவைதான்:

எலியை ஃப்ரிட்ஜில் வச்சு மெதுவா உருக விடுங்க. பிறகு பையில் போட்டு வெந்நீரில் சூடாக்குங்க. தலைப்பக்கம் நல்லா சூடேறட்டும். மைக்ரோவேவ் கூடாது.

எலியின் பருமன் பாம்பின் உடம்பில் மிகத் தடிமனான இடத்தின் அளவுக்கு மேல் வேண்டாம். தடுமாறும் பாம்புக்கு இன்னும் சின்னது நல்லது.

கூண்டின் சூடான பக்கம் 31-33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரி அளவில் இருக்கட்டும். ஒளிய இரண்டு பக்கமும் பொந்து வேணும். சூடு இல்லைன்னா செரிக்காது.

இடுக்கியில் நீட்டுங்க. கவ்வியதும் விளக்கை அணைச்சுட்டு வெளியே போங்க. வீடியோ எடுக்காதீங்க.

ஒதுக்கினா ஒரு வாரம் கழிச்சுத்தான் மறுபடி. நான் பண்ண மாதிரி தினமும் நீட்டாதீங்க.

சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தூக்காதீங்க. 2005ல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரிய இரை தின்ற பர்மிய மலைப்பாம்பின் இதயத் தசை இரண்டே நாளில் சுமார் 40 சதவீதம் வளர்ந்திருந்தது. ஒரு சாப்பாட்டுக்கு உடம்பு அவ்வளவு வேலை செய்யுது. அந்த நேரத்தில் தூக்கிக் கொஞ்சினா கக்கிடும். கக்கினா குறைந்தது இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்க.

"உயிரோட எலி போட்டா வேகமா பிடிக்குமே?" தடுமாறும் பாம்புக்குத்தான் அது அதிக ஆபத்து. எலி கடிச்சு மோசமான காயம் ஆகும். எலிக்கும் அது கொடுமை.

எப்போ கவலைப்படணும்? எடை தொடர்ந்து குறைஞ்சா, மூச்சில் சத்தம் வந்தா, வாயில் நுரை இருந்தா, திரும்பத் திரும்பக் கக்கினா ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்க. தலை ஆடுது, சுழலுது, அதனால் குறி தவறுது என்றாலும் காட்டுங்க. "ஸ்பைடர்" என்ற நிற வகையில் இது பிறவியிலேயே வரும் நரம்புக் கோளாறு. அழகான நிறத்துக்காக மனுஷன் திரும்பத் திரும்ப இனம் சேர்த்ததோட விலையை அந்தப் பாம்பு கொடுக்குது. அதை வாங்காதீங்க என்பது என் கருத்து.

குழந்தை மருத்துவராக ஒரு எச்சரிக்கை. ஊர்வனவும் தீவன எலிகளும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். உறைய வச்சாலும் அது சாகாது. சமையல் பாத்திரம், சிங்க் பக்கம் எலியைக் கொண்டு போகாதீங்க. சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் தொட வேண்டாம்.

இதைப் படிச்சுட்டு ஊரில் யாரும் மலைப்பாம்பைப் பிடிச்சு வளர்க்கக் கிளம்பிடாதீங்க. நம்ம ஊர் மலைப்பாம்பு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. வீட்டில் வைப்பது குற்றம். கண்டா வனத்துறைக்குச் சொல்லுங்க.

எட்டாவது வாரம் லட்டு சாப்பிட்டுச்சு. அன்னைக்கும் இடுப்பைத்தான் பிடிச்சுது. நாங்க விளக்கை அணைச்சுட்டுக் கீழே வந்துட்டோம். நாற்பது நிமிஷம் கழிச்சு மகன் எட்டிப் பார்த்தான். வால் நுனி மட்டும் வாய்க்கு வெளியே தெரிஞ்சுதாம்.

தம்பி, இடுக்கியைக் கீழே வைங்க. தராசை வாங்குங்க. எடை சரியா இருந்தா, முக்கால் மணி நேரம் என்ன, ஒரு மணி நேரம் ஆனாலும் சாப்பிடட்டும்.

வீட்டில் சாப்பிட நேரமாக்கும் பிள்ளை இருந்தா, அதுக்கும் இதே அறிவுரைதான்.