பிள்ளைக்கேற்ற வண்டியா, வண்டிக்கேற்ற பிள்ளையா?



பெருநாள் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்கிற பிள்ளை, இரண்டு விரல் தாராளமாக வையுங்கள்" என்று தையல்காரரிடம் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். சட்டைக்கு அது சரி. தொளதொளவென்று இருந்தாலும் சட்டை யாரையும் கீழே தள்ளுவதில்லை. அதே கணக்கை மிதிவண்டிக்கும் போட்டு, என் மாணவன் ஒருவன் மருத்துவமனையில் படுப்பதற்கு நானும் காரணமானேன்.

திருவொற்றியூரில் மாலை நேரத்தில் என்னிடம் ஓத வருகிற பிள்ளை அவன். வயது 12. அவனுடைய அத்தா துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குபவர். பழைய சைக்கிள் மலிவாகக் கிடைக்கிறது, 22 வாங்கட்டுமா, 24 வாங்கட்டுமா என்று என்னைக் கேட்டார். "பெரியதையே வாங்குங்கள் பாய், கல்லூரி வரைக்கும் ஓடும்" என்றேன். கலைப் பட்டம் பெற்றவனுக்குச் சைக்கிளின் அளவைப் பற்றி என்ன தெரியும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு எண்ணூர் விரைவுச்சாலையில் வந்துகொண்டிருந்தான். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருபுறம் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள். மறுபுறம் துறைமுகத்தை நோக்கி வரிசையாகச் செல்லும் கன்டெய்னர் லாரிகள். பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிடவே, பிள்ளை தாரைவிட்டு மண்ணில் இறங்கினான். முன்சக்கரம் மணலில் புதைந்து வண்டி சட்டென்று நின்றது. சீட்டிலிருந்து முன்னால் வழுக்கியவனுக்குத் தரை எட்டவில்லை. உடலின் எடை முழுவதும் பாரின் மேல் விழுந்தது.

கீறல்கூட இல்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அடிபட்ட இடம் சொல்லக் கூசுகிற இடம். இரண்டாம் நாள் சிறுநீரில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அம்மாவிடம் அழுதான். அல்ஹம்துலில்லாஹ், குணமாகிவிட்டான். தாய்மார்களே, இத்தகைய அடிக்குப் பின் சிறுநீரில் இரத்தம் வந்தாலும், சிறுநீர் பிரியாவிட்டாலும், வீக்கம் கண்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை என்பதை ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அதன் பிறகுதான் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சென்று அமர்ந்து, இந்த 22, 24 என்பன என்னவென்று கேட்டறிந்தேன். நம் பழைய கறுப்பு சைக்கிளில் இந்த எண் சட்டத்தின் அளவு. பெடல் அச்சிலிருந்து சீட் செருகப்படும் குழாயின் மேல்விளிம்பு வரையுள்ள நீளம் அது. சக்கரமோ இரண்டுக்கும் 28 அங்குலம்தான். புதிய மாதிரி வண்டிகளில் 20, 24, 26 என்று கடைக்காரர் சொல்வது சக்கரத்தின் அளவு. ஆக, 24 என்ற ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள்! எதைச் சொல்கிறார் என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பழைய 24 அங்குல வண்டியின் பார் தரையிலிருந்து ஏறத்தாழ 34 அங்குல உயரத்தில் நிற்கும். நம் ஊரில் நடுத்தர உயரமுள்ள ஆண்களுக்கே கால் நீளம் அவ்வளவு வராது. அப்படியானால் நம் தந்தையர் எப்படி ஓட்டினார்கள்? அவர்கள் பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்றதே இல்லை. இடது பெடலில் கால் வைத்து, உருட்டிக்கொண்டே ஏறினார்கள். இறங்கும்போதும் அப்படியே காலைச் சுழற்றிக் குதித்தார்கள். சிறுவர்களாகிய நாம் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தோம். 2024-ல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. உருட்டி ஏறவும் குதித்து இறங்கவும் நாலு எட்டு இடமும் சிறிது அவகாசமும் வேண்டும். அன்றைய சாலை அவற்றைக் கொடுத்தது. இன்றைய கன்டெய்னர் லாரி கொடுப்பதில்லை.

சீட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். சீட் இறங்கும், பார் இறங்காது. அது மட்டுமன்று, சீட் மிகவும் தாழ்ந்தால் முழங்கால் மடங்கியே மிதித்து வலி காணும். சீட்டில் அமர்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். அந்த உயரத்தில் அமர்ந்தால் தரையில் நுனிவிரல்தான் படும். ஆகவே அவசரமாக நிற்பவர் சீட்டைவிட்டு முன்னால் வந்து பாருக்கு மேல் நின்றே ஆக வேண்டும். இடைவெளி தேவைப்படுவது அந்த நொடியில்தான்.

அளப்பது எளிது. வழக்கமாகப் போடும் செருப்புடன் பிள்ளையைச் சுவரில் முதுகு படும்படி நிறுத்துங்கள். கெட்டி அட்டைக் கணக்குப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டும்வரை உயர்த்தி, சுவரில் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை உள்ளது கால் அளவு. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியின் பார், இதைவிட 1 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். மண், மணல், குழி, கல் என்று இறங்கி ஏறுகிற வண்டியானால் 2, 3 அங்குலம் தாழ்ந்திருப்பது நலம். புதைகிற மண்ணில் ஒரு கால் தாழ, வண்டியும் சாயும் அல்லவா? எண்ணூர் பக்கம் வசிப்பவர்கள் இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1970-களில் இளைஞர்கள் சிலர் பழைய பருத்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு தமல்பாய்ஸ் என்ற மலையின் மண்பாதைகளில் இறங்கி ஓட்டினர். அதிலிருந்து பிறந்ததுதான் மலைச் சைக்கிள். பிற்காலத்தில் அதன் பார் சீட்டை நோக்கிச் சரிவாக இறக்கப்பட்டது, இந்த இடைவெளிக்காகவும்தான். அந்த மாதிரி வண்டி நம் பிள்ளைகளுக்கு அழகுக்காகப் பிடிக்கிறது. நமக்கு அந்தச் சரிவுக்காகப் பிடிக்கலாம். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் சீட் குழாயை உயர்த்திக்கொள்ளலாம். அதில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தாதீர்கள். ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே விரல்கள் பிரேக்கை எட்டுகின்றனவா என்றும் பாருங்கள்.

பெண்மக்களின் வண்டியில் பார் தாழ்ந்தே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆயினும் 1990-களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகியபோது, நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்கள் வண்டி போதிய அளவு கிடைக்காமல் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பார் வேண்டுமா வேண்டாமா என்பது ஓட்டுகிறவரின் தேவையைப் பொறுத்தது. புர்கா அணிந்து ஓட்டுகிறவர்களுக்குப் பாரைவிடச் செயின் கவர்தான் முக்கியம். முழுதாக மூடிய கவர் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

என் மாணவனுக்குச் சென்ற மாதம் வேறு வண்டி வாங்கினார்கள். அத்தா என்னையும் கடைக்கு அழைத்தார். இம்முறை அபிப்பிராயம் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்துச் சென்றேன். பார் 2 விரற்கடை தாழ்ந்திருந்தது. அந்த 24 அங்குல வண்டியை இப்போது அவரே துறைமுகத்துக்கு ஓட்டிச் செல்கிறார். நல்ல உயரமான மனிதர்.