முகூர்த்தமும் படிக்கட்டும்

2004-ஆம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நேர்ந்த அக்கினி விபத்தை நாம் மறப்பதற்கில்லை. மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. இறங்கும் படிக்கட்டோ குறுகல். மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

விதி இல்லாமலா இப்படி நேர்ந்தது? தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970-லேயே வெளியாகிவிட்டது. வெளியேறும் வழிகள் எத்தனை, அவற்றின் அகலம் எவ்வளவு என்றெல்லாம் அது கணக்குச் சொல்லுகிறது. திருச்சியில் இஞ்சினியரிங் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த விதிகளைப் படித்தவர்கள் பந்தல் போடுவதில்லையே!

இஞ்சினியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது மிகவும் நல்ல காரியம். பந்தல்காரரையும், மின்சார வேலை செய்பவரையும், மண்டபத்து மானேஜரையும் அதே வகுப்பில் உட்கார வைப்பது அதனினும் அவசியம்.

நல்ல முகூர்த்தம் பார்க்கும் நாம், மண்டபம் பேசும்போது படிக்கட்டையும் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாகாதா?