தள்ளு வண்டி

வாப்பா எங்களுக்கு விட்டுச் சென்றவற்றில் அசையும் சொத்து ஒன்றே ஒன்றுதான். 1982ஆம் ஆண்டின் கொரொல்லா கார். அந்த அசையும் சொத்து அசைய மறுத்த கதையைத்தான் இம்மாதம் சொல்லப் போகிறேன். பழைய வாகனம் நிற்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். கணவர் வெளிநாட்டில், சாவி மனைவியின் கையில் என்ற வீடுகளும் அதிகம். ஆகவே, "இது ஆண்கள் விசயம்" என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

உம்மாவுக்கு மாதம் ஒரு தடவை பேராதனை ஆஸ்பத்திரியில் கிளினிக். சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டால்தான் நேரத்துக்கு நம்பர் எடுக்கலாம். அன்று உம்மாவை ஏற்றி உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மீண்டும் திருப்பினேன். மீண்டும் "டக்". பள்ளியிலிருந்து வந்து கொண்டிருந்த நாலு பேர் இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டதும் எஞ்சின் பிடித்தது. கிளினிக் முடிந்து வந்தால் ஆஸ்பத்திரி வாசலிலும் அதே "டக்". அங்கே முகம் தெரியாதவர்கள் தள்ளினார்கள். வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருந்த உம்மா ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கராஜில் காட்டினேன். சாவியை ஒரு தரம் திருப்பிப் பார்த்த பாஸ், "ஸ்டாட்டர் முடிஞ்சி" என்று தீர்ப்புச் சொன்னார். பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த மோட்டர் ஒன்று வந்தது. பழையதை அவரே எடுத்துக் கொண்டார். அரை மாதச் சம்பளம் போயிற்று. எட்டு நாட்கள் அருமையாக ஓடியது. ஒன்பதாம் நாள், "டக்".

அப்போதுதான் அந்தப் பையனின் ஞாபகம் வந்தது. என்னிடம் மூன்று வருடம் ஓதிவிட்டு இடையில் நின்றவன். வகுப்பில் கவனமே இல்லை என்று அவனது வாப்பாவுக்குச் செய்தி அனுப்பியவனும் நானே. இப்போது வாகனங்களின் மின்சார வேலை செய்கிறான். கூப்பிடக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூப்பிட்டேன். அன்று அஸருக்குப் பின் ஒரு சிறு பையோடு வந்தான்.

வந்தவன் எந்த நட்டையும் கழற்றவில்லை. "ஹஸ்ரத், பெரிய லைட்டப் போட்டுக்கிட்டு சாவியத் திருப்புங்க" என்றான். திருப்பினேன். முன் சுவரில் விழுந்த வெளிச்சம் மங்கவே இல்லை. அவன் தலையை ஆட்டிக் கொண்டான்.

இந்த ஒரு சோதனையை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கலாம். சாவியைத் திருப்பும் போது வெளிச்சம் அணைந்து போகுமளவுக்கு மங்கினால் பெற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனையில் பூத்திருக்கிறது. அபூர்வமாக மோட்டர் இறுகிப் போயிருக்கும். "டகடகடக" என்று தொடர்ந்து அடித்தாலும் பெரும்பாலும் பெற்றரிதான். வெளிச்சம் அப்படியே நிற்க ஒரே ஒரு "டக்" கேட்டால், மோட்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியில் எங்கோ மறிக்கப்படுகிறது. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், அதிலிருந்து போகும் மெல்லிய வயர், ஓட்டோமெட்டிக் கார் என்றால் கியர் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டர் மட்டும் "விர்" என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பென்டிக்ஸ் வழுக்குகிறது. கரகரவென்று அரைந்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன.

பிறகு மீற்றரை எடுத்தான். பெற்றரியில் 12.6 வோல்ட். நிறைந்த பெற்றரி சும்மா நிற்கும் போது காட்ட வேண்டிய கணக்கு அது. 12.4க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் பண்ணச் சொன்னான். அடுத்து அவன் செய்ததுதான் எனக்குப் புதுமை. மீற்றரின் ஒரு முனையை பெற்றரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து, "இப்ப திருப்புங்க" என்றான். இரண்டும் ஒரே தடித்த வயரால் இணைக்கப்பட்ட இடங்கள். அவற்றுக்கிடையே கால் வோல்ட் அளவுக்கு மேல் காட்டக் கூடாதாம். எங்கள் காரில் முள் ஐந்தைத் தாண்டியது.

அதாவது, பெற்றரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் வயர் பழுது. காரணத்தை அவன் ஒரு கணக்கோடு விளக்கினான். ஸ்டாட்டர் எஞ்சினைச் சுற்றும் போது 150 அம்பியர் வரை இழுக்கும். வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். பெரிய லைட்டின் ஒரு பல்புக்கு ஐந்து அம்பியர் போதும். அதற்கு இந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல. போதாததற்கு லைட், ஹோர்ன் எல்லாம் பொடிக்குப் போகும் வேறு சிறு எர்த் வயரில் வேலை செய்கின்றன. அவை நன்றாக இருப்பதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம்.

"ஹஸ்ரத், எக்ஸலேட்டர் கொஞ்ச நாளா இறுக்கமா ஈக்கா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதமாக இறுக்கம்தான். நான் எண்ணெய் ஊற்றிப் பார்த்திருந்தேன். அந்தக் கேபிளின் உறையைக் காட்டினான். ஓரிடத்தில் உருகிச் சுருண்டிருந்தது. எர்த் வயர் பழுதானதும் மின்சாரம் பொடியிலிருந்து எஞ்சினுக்குப் போக வேறு வழி தேடுகிறது. கிடைத்தது அந்த மெல்லிய கம்பி. அது சூடேறி உறையை உருக்கிவிட்டது. கம்பி ஓடும் நேரத்தில் ஒட்டிக் கொண்டிருந்தால்? உம்மா பின் சீட்டில் இருந்த நாட்களை நினைத்துப் பார்த்தேன்.

உறுதி செய்ய, ஜம்பர் வயர் ஒன்றை பெற்றரி மைனஸிலிருந்து நேரே எஞ்சின் இரும்புக்குக் கொடுத்தான். சாவியைத் தொட்டதும் எஞ்சின் பாய்ந்து எழும்பியது. இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். கார் நியூட்டரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும், பிள்ளைகள் தூர நிற்க வேண்டும். ஆனால் சிலர் செய்வது போல் ஸ்டாட்டரின் இரு போல்ட்டுகளையும் திருப்புளியால் குறுக்கே தொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். கியரில் நின்றால் கார் ஆள் மேலேயே ஏறும்.

பழைய வயரைக் கழற்றினோம். முதலில் பெற்றரி மைனஸ் முனை. ப்ளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பானர் பொடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். கைக் கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றச் சொன்னான். வயரின் ரப்பரை வெட்டிப் பார்த்தால், எஞ்சின் பக்க முனையில் செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மோட்டர் மாற்றிய போது பாஸ் இந்த முனையைக் கழற்றி மீண்டும் இறுக்கியிருப்பார். அந்த அசைவில் எட்டு நாட்களுக்கு உயிர் வந்திருக்கிறது. புதிய தடித்த வயர் போட்டு, இரும்பைப் பளபளக்கத் தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினான். எக்ஸலேட்டர் கேபிளும் புதிது. இரண்டுக்கும் சேர்த்து, மோட்டருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை.

மோட்டரே பழுதாகும் வேளைகளும் உண்டு. அதையும் கேட்டு வைத்துக் கொண்டேன். மோட்டரில் மெதுவாகத் தட்டினால் வேலை செய்கிறது என்றால் காபன் பிரஷ் தேய்ந்திருக்கும். முழு மோட்டரையும் மாற்றத் தேவையில்லை, பிரஷை மாற்றலாம். பிரஷ் உரசும் செம்பு வளையத்தை மெல்லிய கண்ணாடித் தாளால் துடைக்க வேண்டும். எமரித் தாளின் துகள் இடையில் சிக்கிக் கோளாறு செய்யும். பென்டிக்ஸை பெற்றோலில் கழுவக் கூடாது. உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டு மொரிஸ் மைனரின் மோட்டர் வேறு வகை. அதன் பற்சக்கரம் எஞ்சின் பற்களில் சிக்கிக் கொண்டால், மோட்டர் தண்டின் பின் முனையில் உள்ள சதுரத்தை ஸ்பானரால் திருகி விடுவிக்கலாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தன் பொருள் சிக்கும் என்று தெரிந்தே அதற்கும் வழி வைத்திருக்கிறான்!

வேலை முடிந்து கை கழுவும் போது, "பழைய மோட்டர் எங்க ஹஸ்ரத்?" என்று கேட்டான். கராஜில் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். "அது அசல் சாமான்" என்று மட்டும் சொன்னான். மறுநாள் இருவரும் போய்க் கேட்டோம். செம்புக்காக உடைத்தாயிற்றாம். வாப்பா நாற்பது வருடம் கட்டிக் காத்ததை நான் ஒரு வார்த்தையில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கிளினிக் நாள். உம்மாவை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. உம்மா கண்ணாடியை இறக்கிப் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன மகன், தள்ளுறதுக்கு இன்டக்கி ஒருத்தரும் வரல்லயா?"