கணிப்பொறிக்குக் காவல் யார் பொறுப்பு?

கணிப்பொறியைச் செய்து விற்பவர்கள் அதற்கு வேண்டிய காவலையும் உடன்சேர்த்தே தரவேண்டுமா, அல்லது வாங்குகிறவர் தனியே விலை கொடுத்துக் காவல் அமர்த்திக்கொள்ள வேண்டுமா என்னும் கேள்வி பட்டணத்து நிபுணர்களுக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கக்கூடும். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணிப்பொறிக்கு மாற்றும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அனுமதி அளித்தபோதே அது நம்முடைய கேள்வியாகிவிட்டது. அங்கத்தினரின் பங்குத் தொகை, பயிர்க்கடன் பாக்கி, நகை ஈட்டுக் கணக்கு, நெசவாளர் சங்கமாயின் நூல் கொடுத்த கணக்கு, கூலிக் கணக்கு ஆகிய யாவும் பேரேட்டை விட்டு அந்தப் பெட்டிக்குள் குடிபுகுந்து வருகின்றன. பேரேட்டைக் கறையான் அரித்தாலும் நாலு பக்கமாவது மிஞ்சும். பெட்டிக்குள் வைரஸ் புகுந்துவிட்டால் அந்த ஆறுதலும் இல்லை.

வைரஸ் என்பது மனிதர் எழுதிய கட்டளைத் தொகுப்பே. தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் முதன்முதலாகப் பரவிய வைரஸை 1986-இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதினர். தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே பொறித்து வைத்தனர். இக்காலத்துத் திருடர்கள் அத்தனை மரியாதை தெரிந்தவர்கள் அல்லர்.

இவ்விஷயத்தில் உற்பத்தியாளரின் நடத்தை நெடுங்காலம் திருப்திகரமாக இருக்கவில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனி 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி என்பதை வெளியிட்டபோது, வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் அரண் ஒன்று அதற்குள் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது செயற்படாத நிலையில் வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குத் தாழ்ப்பாள் பொருத்திவிட்டு, அதை எங்கே பொருத்தினோம் என்று குடியிருப்பவரிடம் சொல்லாமல் போவதைப் போன்றது இது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் கேடு உலகெங்கும் பரவிற்று. உபயோகிப்பவர் எதையும் திறக்கவேண்டியதில்லை. கணிப்பொறி இணையத்துடன் தொடர்பு கொண்டிருந்தாலே போதுமானதாயிருந்தது. அதற்கு மறு ஆண்டுதான் அரண் தானாகவே இயங்கும்படி மாற்றப்பட்டது. வைரஸ் தடுப்பு முழுமையாக உள்ளேயே அமைந்து வந்ததோ 2012-இல், விண்டோஸ் 8 வெளிவந்த போதுதான்.

இப்படி உடன்சேர்த்துத் தருவதற்கு ஆட்சேபணை சொல்வோரும் உண்டு. வைரஸ் தடுப்பு விற்கும் கம்பெனிகளில் ஒன்றான காஸ்பர்ஸ்கி, இது தன் வியாபாரத்தை நெருக்குகிறது என்று முதலில் ருஷ்யாவிலும், பின்னர் 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் முறையிட்டது. எங்கும் ஒரே பூட்டு இருந்தால் ஒரே கள்ளச் சாவி எல்லா வீட்டையும் திறந்துவிடும் என்பது மற்றொரு வாதம். ஊர் முழுவதும் ஒரே ரகத்தைப் பயிரிட்டு, ஒரே பூச்சிக்கு அத்தனையும் பறிகொடுத்த உழவருக்கு இந்த வாதத்தின் உண்மை தெரியும். வேண்டியவர் வேறு காவலை மாற்றி வைத்துக்கொள்ளத் தடையிருக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதை நேர்த்தி செய்யாத விதையை விற்றுவிட்டு, பூச்சி மருந்துக் கடையை அடுத்த தெருவில் காட்டுவது நியாயமான வியாபாரம் ஆகாது. விலை கொடுத்து வாங்கும் காவல் எப்போதும் மேலானது என்றும் சொல்வதற்கில்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவற் கம்பெனி அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின, விமானங்கள் நின்றன. திருடர் எவரும் வரவில்லை. காவற்காரரே இடறி விழுந்தார்.

வைரஸைப் பிடிக்கும் நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று உற்பத்தியாளர் சொல்வாராயின் அதையும் ஏற்க முடியாது. 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்னும் கேடு 150-க்கு மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் பழுதுபார்ப்பு மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகியிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. நம் அலுவலகங்களிலும் என்ன நடக்கிறது? புதுப்பிப்பு நடந்தால் வேலை தாமதப்படுகிறது என்று அதை நிறுத்தி வைக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று திருட்டுப் பிரதியைப் போட்டு, பழுதுபார்ப்பு வரும் வழியையே அடைத்துவிடுகிறார்கள். உற்பத்தியாளரை மட்டும் குற்றம் கூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது சரியன்று.

கூட்டுறவு ஸ்தாபனங்களைத் திருடர் தேடி வருவதில்லை என்ற எண்ணமும் தவறு. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் கேடு நிரல் புகுந்து, சுமார் 94 கோடி ரூபாய் பறிபோயிற்று. போலி அட்டைகளைக் கொண்டு பல தேசங்களில் பணம் எடுக்கப்பட்டது. 2024 ஜூலை இறுதியில், சிறிய வங்கிகளுக்குக் கணிப்பொறிச் சேவை அளிக்கும் ஒரு கம்பெனி தாக்கப்பட்டபோது, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகச் சுமார் 300 வங்கிகளின் பணப் பட்டுவாடா தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. மேஜைமேல் உள்ள பொறியின் காவல் மட்டும் இவற்றைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. சிறிய ஸ்தாபனம் என்பதற்காக எவரும் விட்டுவைப்பதில்லை என்பதற்கே இவற்றைச் சொன்னேன்.

இப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறொன்று. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பழுதுபார்ப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றுவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு பொறியிலேயே இருக்கவேண்டும் என்று நிபந்தனை. பழைய பொறிகள் பலவற்றில் அது கிடையாது. சங்கங்கள் போன்ற ஸ்தாபனங்கள் மேலும் சில ஆண்டுகளுக்குப் பழுதுபார்ப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். தறி நன்றாக ஓடிக்கொண்டிருக்கையில், இனி இதற்கு உதிரி பாகம் இல்லை, புதுத் தறி வாங்கு என்றால் நெசவாளர் என்ன சொல்வார்? உள்ளமைந்த காவல் என்று பெருமையாக விற்றால், பொறி உழைக்கும் காலம்வரை அந்தக் காவலும் உழைக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம் ஒன்று, இத்தகைய பொருள்களைப் பாதுகாப்பான நிலையிலேயே விற்கவேண்டும் என்றும், பொதுவாக ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாப்புப் பழுதுபார்ப்பு அளிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. இக்கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து அமலுக்கு வரும். ஐந்தாண்டு நம் சங்கங்களுக்குப் போதாது. பத்தாண்டு ஓடிய பொறி நம்மிடையே சாதாரணம்.

இதற்கிடையில் சங்கங்கள் தாமே செய்யக்கூடியவை சில உண்டு. கணக்கின் நகலொன்றைத் தனித் தட்டில் எடுத்து, பொறியுடன் இணைக்காமல் இரும்புப் பெட்டியில் வைப்பது முதலாவது. பொறியின் முழு அதிகாரமுள்ள நுழைவை குமாஸ்தாவின் அன்றாட வேலைக்குக் கொடுக்காதிருப்பது இரண்டாவது. கல்யாணப் படம் பார்க்க வந்த பென் டிரைவைக் கணக்குப் பொறியில் செருகுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். புதுப் பொறி வாங்கும் தீர்மானம் அடுத்த மகாசபையில் வருமாயின், விலைப்பட்டியலுடன், பாதுகாப்புப் பழுதுபார்ப்பு எந்த ஆண்டு எந்த மாதம் வரை கிடைக்கும் என்பதையும் விற்பனையாளரிடமிருந்து எழுத்துமூலம் வாங்கி வைக்குமாறு அங்கத்தினர்கள் காரியதரிசியைக் கேட்கவேண்டும்.