பாகூர் நாரைக்குத் தெரிந்த லிஃப்ட்: காற்று ஏமாற்றும் நாளில் ஒரு பறத்தல்!

பாகூர் ஏரிப் பக்கம் காலை ஏழு மணிக்குப் போனால், நத்தைக்குத்தி நாரைகள் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும். பறந்தாலும் இறக்கையை அடித்து அடித்துத் தாழத்தான் பறக்கும். பத்து மணிக்கு மேல் அதே நாரைகளைப் பாருங்கள். ஒன்று மெல்ல வட்டமடிக்கும். பின்னாலேயே இன்னொன்று, மூன்றாவது... கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் இறக்கையை அசைக்காமலே புள்ளியாகத் தெரியும் உயரத்துக்குப் போய்விடும்.

வெயிலில் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி மேலே கிளம்புகிறது. இதற்குத்தான் 'தெர்மல்' என்று பெயர். நாரைக்கு அதுதான் லிஃப்ட்.

இன்ஜின் இல்லாமல் ஹேங் கிளைடரில் பறப்பவர்களுக்கும் அதே லிஃப்ட்தான். அலுமினியக் குழாய்களில் விரித்துக் கட்டிய முக்கோணத் துணி இறக்கை, எடை சுமார் 30 கிலோ. அதன் அடியில் பைலட் குப்புறப் படுத்த மாதிரி தொங்குவார். உடம்பை இடப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கம் திரும்பும். ஸ்டீயரிங் அவ்வளவுதான்! ஏலகிரியில் சிலர் பார்த்திருக்கக்கூடிய பாராகிளைடிங் வேறு. அதில் குழாயே கிடையாது, துணி மட்டும்தான். இரண்டும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்.

இந்த வித்தையின் முன்னோடியும் நாரையைப் பார்த்துப் படித்தவர்தான். ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால், செங்கால் நாரைகளின் இறக்கையை அளந்து, ஆராய்ந்து, 1889-ல் புத்தகமே எழுதினார். 1891 முதல் தானே செய்த இறக்கைகளில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று கிளைடர் காற்றில் நிலைகுலைந்து சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்தபோது வயது 48.

கணக்கு எளிமையானது. அசையாத காற்றில் ஹேங் கிளைடர் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். 300 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஐந்து நிமிடத்தில் தரை. தெர்மல் நொடிக்கு மூன்று மீட்டர் ஏறினால் கொண்டாட்டம். 2012-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் டஸ்டின் மார்ட்டின் ஒரே நாளில் 764 கிலோமீட்டர் பறந்தது அப்படிப்பட்ட காற்றில். ஆனால் தெர்மலும் நொடிக்கு ஒரு மீட்டர்தான் ஏறுகிறது என்றால்? ஏறவும் மாட்டார்கள், இறங்கவும் மாட்டார்கள். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை.

இந்த மாதிரி நாளில்தான் நண்பர்களின் அருமை தெரியும். காற்று கண்ணுக்குத் தெரியாது. வேரியோமீட்டர் 'பீப் பீப்' என்று சொல்வதும் தான் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும்தான். ஆனால், நாலு பேர் நாலு திசையில் தேடினால், எவர் இறக்கை கொஞ்சம் உயர்ந்தாலும் மற்ற மூவருக்கும் அது தெரிந்துவிடும். உடனே அங்கே போகலாம். அங்கே ஒரு விதி உண்டு: முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, எல்லாரும் அதே பக்கம்தான். கோயில் பிராகாரம் மாதிரி. எதிர்ப்பக்கம் சுற்றினால் மோதல்தான். பலவீனமான காற்றில் அதிகம் சாய்த்துத் திருப்பவும் கூடாது. சாய்க்கச் சாய்க்க உயரம் கரையும்.

பாகூரை மேலிருந்து பார்த்தால் ஒரு கிளைடர் பைலட்டுக்குப் பெருமூச்சுதான் வரும். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்கு வருகிறது, சுற்றிலும் நெல். நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல் சீக்கிரம் சூடாகாது. கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். மதியத்துக்கு மேல் குளிர்ந்த கடற்காற்று உள்ளே நுழைந்து தெர்மலை அமுக்கிவிடும். மிஞ்சுவது தார் ரோடு, அறுத்துக் காய்ந்த வயல், செங்கல் சூளை. குதிக்க மலையும் இல்லை. இப்படிச் சமவெளி நாடுகளில் வின்ச் வைத்துக் கயிற்றால் இழுத்து மேலே அனுப்புகிறார்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்கிற ஆசையில். உயரம் குறைந்துகொண்டே வரும்போது வேரியோ ஒருமுறை 'பீப்' என்றால், மனம் வட்டமடிக்கச் சொல்லும். தரைக்கு அருகே வேகம் குறைந்து இறக்கை துவண்டால், மீட்டெடுக்க உயரம் இருக்காது. அதனால்தான் அனுபவசாலிகள், 'இந்த உயரத்துக்குக் கீழே தேடல் கிடையாது, இறங்க வேண்டியதுதான்' என்று முன்பே முடிவு செய்துகொள்கிறார்கள். பிறகு கண்கள் தேடுவது காற்றை அல்ல, காலி வயலை. கரண்ட் கம்பி மேலிருந்து தெரியாது. கம்பத்தை வைத்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். காற்றின் திசையை அடுப்புப் புகையும், கொடியில் காயும் சேலையும் சொல்லும். எதிர்காற்றில்தான் இறங்க வேண்டும்.

அரை நாள் உழைப்பு, கால் மணி நேரப் பறத்தல். முதலில் இறங்கியவருக்குத்தான் கூடுதல் வேலை: இறக்கையை மடித்துக் கட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் எந்த வயலில் நிற்கிறார்கள் என்று போனில் கேட்டுக் கேட்டுப் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.