லாபத்திற்கு மட்டும்தானா ஊக்கத்தொகை?

எங்கள் விம்கோ நகர் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர். ஆலைகளை வெறுத்து இங்கே யாரும் பிழைக்க முடியாது. என் தந்தையும் லேத் பட்டறையில்தான் வேலை செய்கிறார். அவர் கையில் ஒரு சாமான் பழுதானால் அந்த மாத ஊக்கத்தொகையில் பிடித்துவிடுவார்கள். அது நியாயம்தான் என்று அவரே சொல்வார்.

அப்படியானால் மேல்நாற்காலியில் இருப்பவர்களுக்கு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப் போனது. மீனவர்கள் வெறுங்கையால் எண்ணெயை வாரி வாளிகளில் சேர்த்தார்கள். கூழைக்கடாக்களின் இறகில்கூடக் கறை! மணலி சுத்திகரிப்பு ஆலை ஒரு பொதுத்துறை நிறுவனம். பொதுத்துறை அதிகாரிகளின் செயல்திறன் ஊதியம் லாபத்தையும், நிறுவனம் அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பெறும் மதிப்பெண்ணையும் பொறுத்தது. கழிமுகத்திற்கும், உலகைச் சூடாக்கும் புகைக்கும் அதில் பெரும் பங்கு வேண்டும் என்பது என் கருத்து.

இது புதுமையன்று. கரிவாயுக் குறைப்பை அதிகாரிகளின் ஊதியத்தோடு இணைப்பதாக ஷெல் கம்பெனி 2018 டிசம்பரில் அறிவித்தது. ஆனால் 2024 மார்ச்சில் தன் 2030-ஆம் ஆண்டு இலக்கைத் தானே தளர்த்திக்கொண்டது. கேள்வித்தாளை மாணவியே தயாரித்தால் நாங்கள் எல்லோருமே முதல் வகுப்புதான்!

நம் நாட்டில் 1000 பெரிய கம்பெனிகள் தங்கள் கரிவாயுக் கணக்கை வெளியிட வேண்டுமென்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. கணக்கு இருக்கிறது, அதைச் சம்பளத்தோடு சேர்ப்பதுதான் பாக்கி.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "எங்க சாமானை அளக்க இன்ஸ்பெக்டர் தனியா வருவாரும்மா. நாங்களே அளந்தா எல்லாமே சரியாத்தான் இருக்கும்" என்றார்.